கொம்பு ஊதப்பட்டது

கயல் வேலை பார்த்த கம்பெனியின் மாலை வகுப்பில் யாராவது 'நான்' என்று சொல்லிவிட்டால் எழுந்து நிற்க வேண்டும். வேறொருவர் வாய்தவறி அதே சொல்லைச் சொல்லும்வரை உட்காரக் கூடாது. முதல் வகுப்பில் கயல் முக்கால்வாசி நேரம் நின்றுகொண்டிருந்தாள்.

"சாரி மேடம், நான் கவனிக்கல."

நின்றுகொண்டிருப்பவரே மறுபடி சொன்னால் என்ன செய்வது என்று விதிமுறையில் இல்லை. வகுப்பு நடத்திய டாக்டர் ஜோவானா சற்று யோசித்துவிட்டு, ஒரு கையை மேலே தூக்கிக்கொள்ளச் சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து அதுவும் விதி ஆயிற்று.

கம்பெனி நியூ ஜெர்சியின் வெஸ்ட் வின்ட்சரில், பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில் நிலையத்திலிருந்து பார்த்தாலே தெரிகிற கண்ணாடிக் கட்டிடத்தில் இருந்தது. மருந்துகளைக் குளிராக வைத்திருக்கும் பெட்டிகளைக் கண்காணிப்பது அதன் தொழில். எங்கெங்கோ உள்ள கிளினிக்குகளின் பெட்டிகளுக்குள் அதன் சென்சார்கள் உட்கார்ந்திருந்தன. உள்ளே சூடு ஏறினால் திரை சிவப்பாகும், அலாரம் அலறும். அந்த அலறலுக்காகத்தான் கிளினிக்குகள் கம்பெனியை வைத்திருந்தன.

பிறகு கதைத் துறை வந்தது. என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்கு உங்களிடம் பல துறைகள் இருக்கின்றன, என்ன நடந்தது என்று சொல்வதற்கு ஒன்றுகூட இல்லையே என்று ஆலோசகர் ஒருவர் கேட்டாராம். கேட்டவுடன் எல்லோருக்கும் வெட்கமாகிவிட்டது. இரண்டாம் தளத்தில் ஜன்னலோரமாக இருந்த கண்காணிப்புக் குழுவைக் கீழே, பார்க்கிங்குக்குப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் கதைத் துறையை வைத்தார்கள். கம்பெனியிலிருந்து வெளியே போகிற எந்த வாக்கியமும், ஒற்றை வரி மின்னஞ்சலாக இருந்தாலும், அங்கே ஒப்புதல் வாங்கித்தான் போக வேண்டும்.

துறைத் தலைவர் இந்த டாக்டர் ஜோவானா ஜீவரத்தினம்தான். நாகர்கோவிலில் பிறந்து, இங்கே வந்து லத்தீன் படித்துப் பட்டம் வாங்கியவர். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அவர் நடத்தியது ஒரே ஒரு ஆளின் எழுத்தை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இன்றைய பிரான்ஸைப் பிடித்த ரோமானியத் தளபதி, தன் போரைப் பற்றித் தானே எழுதி ரோமுக்குத் தெரியவைத்த குறிப்புகள். தளபதியின் பெயர் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் கதைத் துறையில் பெயர் சொல்வது மரியாதைக் குறைவு. ஜெனரல் என்றால் போதும்.

ஜெனரல் தன்னை 'அவர்' என்றே எழுதினார். அவர் பார்த்தார், அவர் முடிவெடுத்தார், அவர் ஆற்றைக் கடந்தார். பக்கத்தில் நின்ற யாரோ நடுநிலையான ஆள் பார்த்து எழுதியது மாதிரி இருக்கும். இது முதல் பாடம். சில வாரங்களில் பாடம் வகுப்புக்கு வெளியேயும் பரவிவிட்டது. துணைத் தலைவர் சுவாமிநாதன் கேன்டீனுக்கு வந்து, "சுவாமிநாதனுக்கு ஒரு காபி, சர்க்கரை கம்மி" என்று வாங்கிக்கொண்டு போவார். புதிதாகச் சேர்ந்த காசாளர் பெண் ஒருத்தி, அவர் வரவில்லையா, நீங்கள்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்களா என்று விசாரித்துவிட்டாள். மறுநாள் அந்த இடத்தில் வேறு பெண் இருந்தாள்.

கயல் ஈரோட்டுப் பெண். மேற்படிப்புக்கு வந்து, வேலையும் கிடைத்து, ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். எதையும் முறைப்படி செய்வாள். செய்து முடித்தபின் சரியாகச் செய்தோமா என்று சந்தேகப்படுவாள். கதவைப் பூட்டியபின் பூட்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கிளம்புகிற ரகம். அவள் வகுப்பில் சேர்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான். அதில் தேறியவர்களுக்குத்தான் கம்பெனி க்ரீன் கார்டு அப்ளை பண்ணும்.

அவளுடைய குழுத் தலைவர் கோபாலசாமி பொள்ளாச்சிக்காரர். பார்க்கிங் அறைக்கு மாற்றியபோதுகூட, "வண்டி நிறுத்த வசதி" என்று சொன்னவர்.

"போய்ட்டு வா அம்மணி. தலையை மட்டும் ஆட்டிக்கிட்டு உட்காரு. ஆனா ஒண்ணு. இங்க யாராச்சும் உன்னையத் தைரியசாலின்னு மெச்சினாங்கன்னா பெட்டியைக் கட்டிக்கோ."

"ஏனுங்கண்ணா?"

"மெச்சின ஆளு ஒருத்தரும் மறுவாரம் இருந்ததில்ல கண்ணு. நானும் பாத்துட்டேன்."

கயல் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்பதைக் காருக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் நினைத்துப் பார்த்தாள்.

இரண்டாவது பாடம் கொம்பு.

"ஒரு மலைக்கோட்டை," என்று ஆரம்பித்தார் ஜோவானா. "ஜெனரல் முற்றுகை போட்டார். அட்டாக் ஃபெயில் ஆயிடுச்சு. அனுபவப்பட்ட ஆபீசர்ஸ் நிறைய பேர் செத்துப்போனாங்க. இதை எப்படி எழுதுவீங்க?"

கயல் கையைத் தூக்கினாள். "தோத்துட்டோம்னு எழுதலாம் மேடம்."

வகுப்பு சிரித்தது. ஜோவானா சிரிப்பு அடங்கும்வரை பொறுமையாக இருந்தார்.

"ஜெனரல் என்ன எழுதினார் தெரியுமா? திரும்பி வாங்கன்னு அவர் கொம்பு ஊதச் சொன்னார். பக்கத்துல இருந்த படை நின்னுடுச்சு. மத்தவங்களுக்கு நடுவுல ஒரு பள்ளத்தாக்கு. சத்தம் கேட்கலை. ஆர்வத்துல மேல ஏறிட்டாங்க. மறுநாள் எல்லாரையும் கூப்பிட்டு, உங்க வீரத்தை மெச்சுறேன், ஆனா வீரம் மாதிரியே கீழ்ப்படிதலும் வேணும்னார். பாருங்க, எவ்ளோ க்ளீனா இருக்கு. ஆர்டர் சரி. கொம்பு சரி. பள்ளத்தாக்கு மேல யாரு கேஸ் போடுவாங்க?"

"கொம்பு நெசமாவே ஊதினாங்களா மேடம்?"

"கேட்டவங்க யாராவது எழுதி வெச்சிருக்காங்களா?" என்றார் ஜோவானா, இதமாக. "அந்த மலைமேல இருந்தவங்க எழுதின ரிப்போர்ட் ஒண்ணுகூட நம்ம கைக்கு வரலை கயல். எட்டு வருஷப் போர். ஒரு ரிப்போர்ட்கூட இல்லை. அதுக்குப் பேர்தான் வெற்றி. நாங்க பொய் சொல்லச் சொல்லலை, அதை நல்லாப் புரிஞ்சுக்கணும். பொய் சொல்றவன் மாட்டிப்பான். எதைச் சொல்லணும்னு முடிவு பண்றவன் மாட்ட மாட்டான்."

கயல் இதையும் எழுதிக்கொண்டாள். எழுதியபின், இதை எழுதிக்கொள்ளச் சொன்னார்களா, கேட்டுவிட்டு விட்டுவிடச் சொன்னார்களா என்று சந்தேகம் வந்தது.

அந்த மாதம் முதலீட்டாளர்களுக்கு டெமோ காட்ட வேண்டியிருந்தது. டெக்சாஸில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நேரம். வரைபடத்தில் ஹூஸ்டனைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள் வருவதும் போவதுமாக இருந்தன. கோபாலசாமி விடுப்பில் இருந்த நாள் பார்த்து, கலிபோர்னியாவில் உள்ள குபெர்டினோ அலுவலகத்திலிருந்து சுவாமிநாதன் வீடியோவில் வந்தார்.

"டெக்சாஸ்ல ஏன் இவ்ளோ சத்தம்? அமைதிப்படுத்துங்க."

"சார், அலாரம் லிமிட்டை ஏத்தினா திரை பச்சை ஆயிடும். ஆனா பெட்டி நெசமாவே சூடானா நமக்குத் தெரியாதுங்க சார்."

"டெமோ முடியற வரைக்கும்தான் கயல். சுவாமிநாதன் பொறுப்பு."

கயல் ஏற்றினாள். வரைபடம் பச்சையாயிற்று. டெமோ நடந்தது. கீழே வரவேற்பறைப் பெரிய திரையில் கதைத் துறை ஒரு வாக்கியத்தை ஓடவிட்டது: 'டெக்சாஸ் முழுவதும் அமைதியடைந்தது.' இதே மாதிரி ஒரு வாக்கியத்தை ஜெனரல் அந்த நாட்டைப் பற்றி எழுதியிருக்கிறார் என்றும், அதற்குப் பிறகும் அங்கே வருடக்கணக்கில் சண்டை நடந்தது என்றும் வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.

டெமோ முடிந்த மறுநாளே, அலாரத்தைப் பழையபடி வைக்கலாமா என்று கயல் கேட்டு எழுதினாள். கதைத் துறையிலிருந்து பதில் வந்தது. அலாரத்தைப் பழையபடி வைத்தால் டெக்சாஸ் மறுபடி சிவப்பாகும். சிவப்பானால் வரவேற்பறையில் ஓடுகிற வாக்கியம் பொய்யாகிவிடும். கம்பெனி பொய் சொல்வதில்லை. ஆகவே அனுமதி இல்லை.

விடுப்பிலிருந்து திரும்பிய கோபாலசாமி அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி வாசித்தார். "இதுல தப்பு கண்டுபுடிக்க முடியல பாரு," என்றார்.

அந்த வார வீட்டுப்பாடம், உங்கள் வேலையில் ஒரு நாளை ஜெனரல் எழுதுவதுபோல எழுதி வாருங்கள் என்பது. கயல் டெமோ நாளை எடுத்துக்கொண்டாள். முதல் தடவை நடந்ததை நடந்தபடி எழுதினாள். சுவாமிநாதன் சொன்னார், கயல் தயங்கினாள், சுவாமிநாதன் மறுபடி சொன்னார், கயல் செய்தாள். ஜோவானா அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இது ஜெனரல் இல்லை. இது அவர் குதிரைக்குத் தண்ணி காட்டினவன் எழுதினது. ஜெனரல் யாரையாவது பெர்மிஷன் கேட்டாரா? தயங்கினாரா? கதையோட நடுவுல இருக்கறவங்கதான் முடிவெடுக்கணும். திரும்ப எழுதுங்க."

கயல் திரும்ப எழுதினாள். 'டெக்சாஸின் அலறல்களைக் கயல் கண்டாள். தயங்கவில்லை. இனி அந்த நிலம் அமைதியாக இருக்கட்டும் என்று ஆணையிட்டாள். அவ்வாறே ஆயிற்று.' எழுதும்போது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் நன்றாகவும் இருந்தது. அவள் வாழ்க்கையில் யாருக்கும் எதையும் ஆணையிட்டதில்லை.

வகுப்பில் அதை உரக்க வாசித்தாள். பிளாஸ்டிக் இலைகளால் செய்த வெற்றி மாலையை ஜோவானா அவள் தலையில் வைத்தார். பின்வரிசையில், அன்றைக்கு நியூ ஜெர்சி வந்திருந்த சுவாமிநாதன் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் நிறுத்திய பிறகும் அவர் மட்டும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் ஜெயலீலா ஆன்ட்டி போன் செய்தார். ஹூஸ்டனுக்கு வெளியே, இன்சூரன்ஸ் இல்லாத ஜனங்களுக்கு இலவசமாக மருந்து கொடுக்கும் ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸ். ஹெல்ப்லைனில் ஒருதரம் தமிழ்க் குரல் கேட்டதிலிருந்து கயலை மட்டும்தான் கேட்டு வாங்கிப் பேசுவார்.

"என்னம்மா, உங்க லைனைப் புடிக்கதுக்குள்ள உயிர் போவுது. காத்திருங்கன்னு சொல்லிட்டு ஒரு கொம்பு ஊதுதான் பாரு, காது கிழியுது."

"அது புதுசு ஆன்ட்டி. கதைத் துறை வெச்சது."

"சரி, அதை விடு. இன்சுலின் பெட்டியைத் தொட்டா வெதுவெதுன்னு இருக்கு. திரையில பச்சை காட்டுது. டாக்டர் திரையை நம்புறாரு, நான் கையை நம்புறேன். ரெண்டு மூணு பேருக்கு ஊசி போட்டும் சுகர் இறங்கவே இல்ல. ஒரு லாரி டிரைவர் நேத்து மயங்கிட்டாரு. யூஸ் பண்ணலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லு."

கயல் உடனே அந்தக் கிளினிக்கின் பதிவைத் திறந்தாள். பெட்டியின் உண்மையான வெப்ப அளவை எடுத்துப் பார்த்தாள். ஆன்ட்டியின் கைதான் சரி. அந்தப் பெட்டி மட்டும் இல்லை, ஹூஸ்டனைச் சுற்றிய பெட்டிகளில் பாதி அப்படித்தான் இருந்தன. 'கூடாது' என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. ஒப்புதல் இல்லாத வாக்கியத்தை வெளியே சொல்லக் கூடாது என்ற விதி அதற்கு முன்னால் வந்து நின்றது.

"நோட்டீஸ் வரும் ஆன்ட்டி. கொஞ்சம் வெயிட் பண்ணுங்க."

"எவ்வளவு நேரம்?"

"இன்னைக்கே வந்துடும்."

"அதுவரை டாக்டரை எப்படியாச்சும் நிறுத்தி வைக்கேன். நீ அனுப்பு மக்கா."

அன்றைக்கே கயல் நோட்டீஸ் எழுதினாள். 'உங்கள் பெட்டிகளில் உள்ள இன்சுலின் கெட்டிருக்கலாம். பயன்படுத்தாதீர்கள். திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்.' கோபாலசாமி பார்த்துத் தலையசைத்தார். கதைத் துறைக்குப் போயிற்று.

திரும்பி வந்தது. இதில் எதிரி யார் என்று கேட்டிருந்தார்கள். எதிரி இல்லாமல் இழப்பு வந்தால், இழப்புக்கு நாம்தான் காரணம் என்று வாசகர் நினைத்துவிடக்கூடும். கயல் யோசித்து, 'டெக்சாஸ் வெயில்' என்று சேர்த்தாள். எதிரி வலிமையாக இல்லையே என்று திரும்பி வந்தது. வெப்பநிலையை யாரோ பத்து டிகிரி கூட்டியிருந்தார்கள். எதிரிப் படையின் எண்ணிக்கையை ஜெனரலும் தாராளமாகத்தான் எழுதியிருக்கிறார் என்று ஓரத்தில் குறிப்பு இருந்தது.

அடுத்தது பாலம். ஜெனரல் ஒரு பெரிய ஆற்றின் குறுக்கே பாலம் கட்டினார். மரத்தை எப்படிச் செதுக்கினார்கள், எப்படிச் சாய்த்து நட்டார்கள் என்று ஆசாரி மாதிரி விவரித்திருக்கிறார். அதைக் கடந்து போய் ஊர்களைக் கொளுத்திவிட்டுச் சில நாட்களிலேயே திரும்பி வந்து அதே பாலத்தை உடைத்துப்போட்டதை மட்டும் சுருக்கமாக முடித்துக்கொண்டார். ஆகவே நோட்டீஸிலும் ஒரு பாலம் வேண்டும். சென்சார் தயாரிக்கப்படும் விதம் பற்றி நான்கு பத்திகள் சேர்த்தார்கள். 'பயன்படுத்தாதீர்கள்' என்ற சொல் ஐந்தாவது பத்திக்குப் போயிற்று. பிறகு அது கட்டளையாக ஒலிக்கிறது என்று 'பயன்பாடு குறித்துச் சிந்திக்கலாம்' ஆயிற்று.

இதற்குள் வாரம் மாறிவிட்டது. ஜெயலீலா ஆன்ட்டி தினமும் கூப்பிட்டார். கயல் தினமும் அதே பதிலைச் சொன்னாள். மூன்றாம் நாளுக்குப் பிறகு, தன் குரலைத் தானே வெளியே நின்று கேட்பது போலிருந்தது. கயல் சமாதானம் சொன்னாள். கயல் போனை வைத்தாள்.

"இது ஆவறதில்ல," என்றார் கோபாலசாமி. "ஊசி போட்டுக்கறவன் நாலு பத்தி படிச்சுட்டா போடுவான்? நான் சுவாமிநாதன்கிட்ட நேரா பேசிடறேன்."

"அண்ணா, உங்க க்ரீன் கார்டும் இன்னும் வரலைங்களே."

"வரலைதான். பொண்ணு இங்க பத்தாவது படிக்கறா. அதுக்காக?"

அவர் குபெர்டினோவுக்குப் போன் செய்து பேசினார். கதவை மூடிக்கொண்டுதான் பேசினார். ஆனாலும் 'மனுசன் செத்துருவானுங்க சார்' என்பது மட்டும் வெளியே கேட்டது. மதியம் எல்லோருக்கும் கதைத் துறையின் மின்னஞ்சல் வந்தது. 'கோபாலசாமி காட்டிய அசாதாரணத் துணிச்சலைக் கம்பெனி மனமார மெச்சுகிறது.'

கோபாலசாமி அதைத் திரையில் பார்த்துவிட்டு, மேஜைமேல் இருந்த மகள் படத்தை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

"என்னைய மெச்சிட்டாங்க அம்மணி."

மறுநாள் காலையில் அவருடைய அடையாள அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே அவர் சற்று நேரம் நின்றார். உள்ளே கயல் கையை உயர்த்தினாள். வெளிப்பக்கம் கண்ணாடியில் வெயில் பட்டு மின்னியதால், அவர் அவளைப் பார்த்தாரா, தன் பிம்பத்தைப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை எல்லோருக்குமான கூட்டம். பெரிய திரையில் குபெர்டினோவிலிருந்து சுவாமிநாதன். மேடையில் ஜோவானா. டெக்சாஸ் குறித்த இறுதி அறிக்கை வாசிக்கப்படும் என்று சொல்லியிருந்தார்கள். நோட்டீஸ் போய்விட்டதா என்று கயல் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டாள். அறிக்கை முடிந்தால்தான் நோட்டீஸ் என்றார் அவர்.

"பிரச்சினை தெரிஞ்ச அன்னைக்கே சுவாமிநாதன் முடிவெடுத்தார்," என்று சுவாமிநாதன் தொடங்கினார். தன்னைப் பற்றிச் சொல்லும்போது அவர் மரியாதை குறைத்ததே இல்லை. "பெட்டிகளைத் திரும்ப எடுங்கன்னு அவர் உடனே ஆர்டர் கொடுத்தார். கொம்பு ஊதப்பட்டது."

யாரோ ஒருவர், புது ஆளாக இருக்க வேண்டும், கையைத் தூக்கினார். "சார், அப்படி ஒரு ஆர்டர் யாருக்கும் கேட்கலையே?"

"ம்யூட்ல இருந்திருக்கலாம். அது வேற விஷயம். அன்னைக்கு வீடியோ கால்ல சுவாமிநாதனோட உதடு அசைஞ்சதைப் பார்த்தவங்க கை தூக்குங்க."

உதடு அசைந்தது உண்மைதான். அவர் எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருப்பார். ஒவ்வொன்றாகக் கைகள் உயர்ந்தன.

"தேங்க் யூ. ஆக, ஊதியாச்சு. அப்ப ஏன் வீரர்களுக்குக் கேட்கலை?"

ஜோவானா மைக்கை வாங்கினார். "நடுவுல ஒரு பள்ளத்தாக்கு இருந்திருக்கணும். டிபார்ட்மென்ட்ல இதை ரொம்பப் பொறுப்பா டிஸ்கஸ் பண்ணினோம். டைம் ஸோன் வித்தியாசம்னு போடலாம்னு பார்த்தோம். ஆனா அது எல்லா நாளும் இருக்கறது. மத்த நாள் ஏன் கேட்டுச்சுன்னு கேப்பாங்க. ம்யூட் பட்டன்னு போட்டா, அதைச் செஞ்ச கம்பெனி கேஸ் போடும். கேஸ் போடாத பள்ளத்தாக்கா இருக்கணும்." அவர் தாளைப் புரட்டினார். "அதிர்ஷ்டவசமா நம்ம வகுப்புலயே, எல்லார் முன்னாடியும், ஒருத்தங்க வாசிச்சிருக்காங்க. 'இனி அந்த நிலம் அமைதியாக இருக்கட்டும் என்று ஆணையிட்டாள். அவ்வாறே ஆயிற்று.' அலாரத்தை நிறுத்தினது யாருன்னு அவங்க வாயாலயே வந்திருக்கு. அலாரம் இருந்திருந்தா கொம்பு கேட்டிருக்கும்."

கயல் தன் கைகளைப் பார்த்தாள். ஆணையிட்டேனா என்ன? சுவாமிநாதன் சொன்னது நினைவிருந்தது. ஆனால் வீட்டுப்பாடத்தில் எழுதியது அதைவிடத் தெளிவாக நினைவிருந்தது. அதைப் பலதரம் திருத்தி, உரக்க வாசித்து, மாலையும் வாங்கியிருந்தாள். பூட்டைப் படம் எடுத்து வைத்ததுபோல அந்த நாளை அவள் எதிலும் பிடித்து வைக்கவில்லை.

"கயலோட நோக்கத்துல யாருக்கும் சந்தேகம் இல்லை," என்றார் ஜோவானா, இதமாகவே. "தயங்காம முடிவெடுத்தாங்க. அந்தத் தைரியத்தைக் கம்பெனி மெச்சுது."

கைதட்டல் எழுந்தது. திரையில் சுவாமிநாதன் மட்டும் கடைசிவரை தட்டினார்.

கயல் எழுந்தாள். "நான் ஆர்டர் பண்ணல. அவர் சொல்லித்தான் நான் செஞ்சேன்."

கூட்டம் அவள் பக்கம் திரும்பியது. அவள் என்ன சொன்னாள் என்பதை யாரும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. எந்தச் சொல்லைச் சொன்னாள் என்பதை எல்லோரும் கேட்டிருந்தார்கள். ஜோவானா கண்ணால் காட்டினார். நின்றுகொண்டே இருக்க வேண்டும். இரண்டு தடவை சொன்னதால் கையையும் தூக்க வேண்டும்.

கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போயிற்று. கோடைகாலப் பிக்னிக் பற்றிப் பேசினார்கள். அத்தனை பேரில் ஒருவர் வாயிலிருந்தாவது அந்தச் சொல் வந்தால் அவள் உட்காரலாம். பிக்னிக்குக்கு யார் பிரியாணி கொண்டுவருவது என்பது வரைக்கும் யாரும் சொல்லவில்லை. கயல் கையைக் கீழே இறக்கி, பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். அவளுக்குப் பின்னால் கதவு பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. படம் எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

பிரின்ஸ்டன் ஜங்ஷன் பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, சொந்தப் போனிலிருந்து ஹூஸ்டனைக் கூப்பிட்டாள். வேலை போனால் விசாவும் போகும். அதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் போதும்.

"ஆன்ட்டி, நான் கயல். யூஸ் பண்ணாதீங்க. அந்த இன்சுலின் ஒண்ணைக்கூட யாருக்கும் போடாதீங்க."

பின்னணியில் யாரோ இருமினார்கள். வரிசையில் ஆட்கள் உட்கார்ந்திருக்கும் சத்தம்.

"ஆன்ட்டி?"

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லம்மா." ஜெயலீலாவின் குரல் தாழ்ந்திருந்தது. "இப்பதான் உங்க கம்பெனி லெட்டர் மெயில்ல வந்துச்சு. டெக்சாஸ்ல எல்லாம் அமைதியாயிட்டுன்னு போட்டிருக்கு. கயல்னு ஒரு ஆளு ஆர்வக் கோளாறுல ஏதோ பண்ணிட்டா, இப்ப எல்லாம் சரி, அவ போன் பண்ணி எதுவும் சொன்னா எடுத்துக்காதீங்கன்னும் போட்டிருக்கு. அவ தைரியத்தை மெச்சுதாங்களாம்."

"அந்தக் கயல் நான்தான் ஆன்ட்டி."

"நீயா? லெட்டர்ல இருக்கவ பெரிய ஆளால்ல இருக்கா. அவ உத்தரவு போடுதா, ஊரையே அடக்குதா. உனக்கு எங்கிட்ட ஒரு பதில் சொல்லவே ஒரு வாரம் ஆச்சேம்மா."

"அதை என்னை எழுத வெச்சாங்க. ஆன்ட்டி, டாக்டர் எங்க?"

"லெட்டரைப் படிச்சுட்டு, பாத்தியா, திரைதான் கரெக்ட்டுன்னுட்டுப் பெட்டியைத் தொறந்துட்டாரு. உள்ளதான் இருக்காரு. டிரைவர் வந்திருக்காரு இன்னைக்கும்."

"போய் நிறுத்துங்க. ப்ளீஸ். நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"நீ சொன்னா கேட்கக்கூடாதுன்னுதான லெட்டரே வந்திருக்கு." ஜெயலீலா மூச்சை இழுத்து விட்டார். "சரி, நான் சொல்லிப் பாக்கேன். என் கை பொய் சொல்லாது. நீ லைன்லயே இரு மக்கா. வச்சிராத."

போனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. தேய்ந்துபோகும் செருப்புச் சத்தம். பிறகு யாரோ வேறொருவர் போனை எடுத்தார்கள். ஒரு பெண் குரல், இளம் குரல், ஆங்கிலத்தில் பெயரைக் கேட்டது. கயல் தன் பெயரைச் சொன்னாள். ஓ, என்றது குரல், மிகவும் மரியாதையாக. உங்கள் அழைப்பு வந்தால் எங்கே மாற்ற வேண்டும் என்று கடிதத்தில் எண் கொடுத்திருக்கிறார்கள், ஒரு நிமிடம்.

"நோ, வெயிட்..."

சின்னதாக ஒரு சொடுக்கு. ரயில் எதுவும் வரவில்லை. பிளாட்பாரத்தில் வேறு யாரும் இல்லை. தண்டவாளத்துக்கு அப்பால், கண்ணாடிக் கட்டிடத்தின் இரண்டாம் தளத்தில் யாரோ திரைச்சீலையை விலக்கினார்கள்.

காதருகே கொம்பு ஊதத் தொடங்கியது. நடுவில் எதுவும் இல்லாததால் மிகத் தெளிவாகக் கேட்டது.